ஊடலும் சேர்த்தியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

'உத்ஸவம்' என்னும் வடசொல்லுக்கு மேலோங்கி எழும் மகிழ்ச்சி என்று பெரியோர் பொருள் அருளிச்செய்வர். ஸந்நிதி வரை நடந்து வர இயலாத முதியோரும், நோயுற்றோரும், கைக்குழந்தையை விட்டு நகர முடியாத தாய்மாரும் ஊரில் உண்டு என்று திருவுள்ளம் பற்றி, கர்ப்பக்ருஹத்தில் எழுந்தருளியிருக்கும் எம்பெருமான் உற்சவ மூர்த்தியாகத் தானே திருவீதிக்குப் புறப்பட்டருளுகிறான். அவரவர் வாசலில் நின்று அவரவருக்குத் திருமுகம் காட்டுகிறான். ஆகவே, பிரிந்திருப்பவர் கூடுவதே உற்சவத்தின் உயிர்நிலை.

இத்தகைய உற்சவ காலத்தில்தான் இல்லங்கள் பலவற்றில் மனஸ்தாபம் மிகுகிறது என்பதும் யாவரும் அறிந்ததே. வாசலில் மாக்கோலமும் மாவிலைத் தோரணமும் இருக்கும். உள்ளே ஒருவரோடொருவர் பேச்சிராது. பெருமாளுக்குத் தளிகை சமைக்கும் கை, நடுநடுவே கண்ணீரையும் துடைத்துக்கொள்ளும். "பண்டிகை ஏன்தான் வருகிறதோ" என்று வீட்டுப் பெரியவர்களே சலித்துக்கொள்ளும்படி ஆகிறது. இதற்கு ஸம்ப்ரதாயத்தில் பரிஹாரம் உண்டா என்று கேட்பவர்கள் வெகு தொலைவு தேடவேண்டுவதில்லை. உற்சவமே அதற்கு விடை வைத்திருக்கிறது.

இரண்டு ஊர் உடையவர்கள்

சென்னைக்குத் தெற்கே பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், வண்டலூர் எனத் தொடரும் ஊர்களில் வாழ்பவர்களுள் மிகப் பலர் வேற்றூரில் வேரூன்றிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். 1931-ஆம் ஆண்டில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின், நகரத்தில் உத்தியோகமும் புறநகரில் குடியிருப்புமாக இவ்வூர்கள் வளர்ந்தன. 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் என்று வழங்கும் ஏற்றுமதி வளாகம் ஏற்பட்டது. அதற்கும் பின்னர் கணினித் தொழில் வந்தது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. வீடு இங்கே இருந்தாலும், 'எங்கள் ஊர்' என்று சொல்லும்போது நெஞ்சு காவிரிக் கரைக்கோ, தாமிரபரணிக் கரைக்கோ போய்விடுகிறது. கணவனுக்கு ஓர் ஊர், மனைவிக்கு ஓர் ஊர் என்று இரண்டு ஊர் உடையவர்களே இங்கு மிகுதி.

நவராத்திரி கொலுவில் தொடங்கி, தீபாவளி, திருக்கார்த்திகை, மார்கழி நோன்பு, வைகுண்ட ஏகாதசி, போகி, பொங்கல், கனு என்று மூன்று மாதங்களுக்கும் மேலாகப் பண்டிகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அந்நாட்களில் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேடைகளையும், 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தையும் பார்த்தவர்கள், ஊர் முழுதும் ஊரைத் தேடிப் போகிறது என்றே எண்ணுவர். ஆனால் பயணச்சீட்டுக்கு முன்பதிவு தொடங்கும் நாளிலேயே வீட்டில் கலஹமும் தொடங்கிவிடுவது உண்டு. இந்த ஆண்டு பண்டிகை யார் வீட்டில்? சென்ற ஆண்டு போனது கணக்கில் உண்டா இல்லையா?

இத்துடன் மற்றவையும் சேர்ந்துகொள்கின்றன. தலைதீபாவளிச் சீரில் குறை சொன்ன சம்பந்தியின் ஒரு சொல். பலகாரச் சீட்டுக் கட்டியும் போதாமல் வாங்கிய கைமாற்று. கொலுவுக்கு அழைக்க மறந்துபோன நாத்தனார். வெளிநாட்டிலிருந்து மார்கழியில் பத்து நாள் விடுப்பில் வந்த மகன், எத்தனை உறவினர் வீடு ஏறி இறங்குவது என்று அலுத்துக்கொள்வது. அப்பத்து நாளும் அவனையே கொண்டாடும் பெற்றோர், ஆண்டு முழுவதும் மருந்து வாங்கிக் கொடுத்து மருத்துவரிடம் அழைத்துப் போன உள்ளூர் மகளை மறந்துவிடுவது. இவற்றுள் ஒன்றும் பெரிய குற்றமன்று; ஒன்றும் பொய்யுமன்று. சிறியவை பல சேர்ந்து ஒருநாள் ஒருவர் கதவைச் சாத்திக்கொள்ளும்படி ஆகிவிடுகிறது.

கதவு சாத்தப்பட்ட உற்சவம்

திருவரங்கத்தில் பங்குனி மாதம் நடைபெறும் பிரம்மோற்சவத்திலும் ஒரு கதவு சாத்தப்படுகிறது. நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு எழுந்தருளுகிறார். அங்கே சோழன் திருமகளாய்த் திருவவதரித்த கமலவல்லி நாச்சியாருக்குத் திருநக்ஷத்திரமான ஆயில்யத்தன்று சேர்த்தி நடைபெறுகிறது. பின்னர்த் திருவரங்கம் மீண்டு, பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீரங்கநாச்சியார் ஸந்நிதிக்கு எழுந்தருளுகிறார். அந்நாள் பெரியபிராட்டியாரின் திருநக்ஷத்திரம். தம் ஸந்நிதி வாசலைத் தாண்டாத பெருமை உடையவள் என்று போற்றப்படும் தாயார், திருமுகம் சிவந்து, வாசற்கதவைச் சாத்திவிடுகிறாள்.

உள்ளே புக முயலும் நம்பெருமாள்மீது பூவும் வெண்ணெயும் வீசப்படுகின்றன, வாழைமட்டையும் வீசப்படுகிறது. 'மட்டையடி' என்று ஊரார் வழங்குவதும், 'ப்ரணய கலஹம்' என்று ஸம்ப்ரதாயத்தில் போற்றப்படுவதும் இதுவே. இரு தரப்பிலும் கைங்கர்யபரர்கள் நின்று உரையாடலை விண்ணப்பிப்பர். திருக்கண்கள் ஏன் சிவந்தன, திருக்குழல் ஏன் கலைந்தது என்று தாயார் தரப்பில் வினவப்படும். உலகத்தைக் காக்கக் கண் விழித்தோம் என்றும், வழியில் கணையாழி விழுந்துவிட்டது, தேடியெடுத்து வரத் தாமதமாயிற்று என்றும் பெருமாள் தரப்பில் ஸமாதானம் சொல்லப்படும். வேண்டுமானால் ஸத்தியம் செய்து தருகிறோம், கடலில் மூழ்கவோ பாம்புக் குடத்தில் கையிடவோ ஸித்தம் என்று பெருமாள் இறங்கி வந்தாலும், கடலையும் பாம்பையும் படுக்கையாகக் கொண்டவருக்கு அவை என்ன சோதனை என்ற கருத்தில் விடை வருகிறது.

இங்கே ஆஸ்திகர்கள் ஊன்றி நோக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஸர்வஜ்ஞனான எம்பெருமானே வாதம் செய்தும் அந்தக் கதவு திறக்கவில்லை. அவன் சொன்ன காரணங்கள் ஒவ்வொன்றுக்கும் தக்க மறுமொழி இருந்தது. யார் பக்கம் நியாயம் என்று எத்தனை நேரம் பேசினாலும், வருந்திய உள்ளம் அதனால் இளகுவதில்லை. முடிவில் நம்மாழ்வார் இடையே எழுந்தருளி இருவரையும் இசைவிக்கிறார். கதவு திறக்கிறது. திவ்யதம்பதிகள் ஏகாஸனத்தில் எழுந்தருளும் சேர்த்தி ஸேவை, திருவரங்கத்தில் ஆண்டுக்கு ஒருமுறை, அன்று மட்டுமே கிடைக்கும். மறுநாள்தான் பங்குனித் தேர். சேர்த்தி ஆனபின்பே தேர் நகர்கிறது.

உற்சவத்தின் நடுவே ஊடலையும் ஒரு நிகழ்ச்சியாக வைத்த பெரியோர்களின் உள்ளத்தை நினைக்க நினைக்க வியப்பு மேலிடும். திவ்யதம்பதிகளுக்குள்ளே உண்மையான பிணக்கு ஏது? இல்லறத்தார் கண்டு தேறவேண்டும் என்றே அவர்கள் இந்த லீலையை ஏற்றுக்கொண்டார்கள் என்று கொள்வதில் தவறில்லை. எனவே பண்டிகை நாளில் வீட்டில் ஒரு பிணக்கு எழுந்துவிட்டால், "நம் வீடு மட்டும் இப்படி ஆயிற்றே" என்று எவரும் குன்றிப்போக வேண்டாம். பிணக்கு எழுவதால் பண்டிகை கெட்டுவிடாது. பிணக்குத் தீரச் சேர்த்திக்கு ஒருவரும் முயலாமல், மூடிய கதவோடு பண்டிகையைக் கழித்துவிடுவதே குறை.

பரிந்துரைப்பவளுக்குப் பரிந்துரைப்பவர் யார்?

ஸ்ரீவைஷ்ணவ ஸம்ப்ரதாயத்தில் பெரியபிராட்டியாருக்குப் 'புருஷகாரம்' என்னும் தனிப்பெருமை உண்டு. குற்றங்களையே செய்து பழகிய சேதனன் எம்பெருமானை அணுக அஞ்சுகிறான். எம்பெருமானோ தண்டிக்கும் ஸ்வாதந்திரியமும் உடையவன். இருவருக்கும் நடுவே நின்று, மகனுக்காகத் தந்தையிடம் பேசும் தாயைப்போல், பிராட்டி பரிந்துரைக்கிறாள். எல்லோருக்காகவும் பேசும் அவளே ஊடிக் கதவைச் சாத்திக்கொண்டால், அவளிடம் சென்று பேசுவார் யார்? ப்ரணய கலஹம் எழுப்பும் உயர்ந்த வினா இதுதான். அடியாரான ஆழ்வார் சென்று பேசுகிறார் என்பது அதன் விடை.

ஒவ்வோர் இல்லத்திலும் புருஷகாரமாக ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அவள் தாய்; சில வீடுகளில் பாட்டி; சில வீடுகளில் மூத்த மருமகள். தந்தையின் கோபத்தை மகனுக்குத் தெரியாமல் தணிப்பவள் அவள். மகனின் பிடிவாதத்தைத் தந்தையிடம் நல்ல சொல்லாக மாற்றிச் சொல்பவள் அவள். மாமியார் சொன்னதை மருமகளிடமும், மருமகள் முணுமுணுத்ததை மாமியாரிடமும் சொல்லாமல் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொள்பவளும் அவளே. பண்டிகைக் காலத்தில் இந்தச் சுமையோடு அடுப்பங்கரைச் சுமையும் சேர்ந்துகொள்கிறது. மார்கழியில் விடியுமுன் எழுந்து கோலமிட்டு, திருப்பாவைக்குள் தளிகை முடித்து, குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பி, தானும் அலுவலகம் சென்று மீள்பவர்கள் இப்புறநகரில் பலர். ஊரிலிருந்து உறவினர் வந்து இறங்கினால் அவர்களுக்குப் படுக்கை விரிப்பதும் அவள் பொறுப்பே.

அவள் ஒருநாள் அயர்ந்து, "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், வீட்டில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரிவதில்லை. எல்லோர் சண்டையையும் தீர்த்தவள் அவளாதலால், அவள் மனக்குறையைத் தீர்க்க ஒருவரும் பழகவில்லை. "தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லி ஆண்மக்கள் கூடத்தில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடுகிறார்கள். திருவரங்கத்தில் நம்மாழ்வார் அவ்வாறு இருந்துவிடவில்லை. தாயார் கதவைச் சாத்தினாள் என்றதும் பல்லக்கில் எழுந்தருளி வருகிறார். வீட்டிலும் அன்று ஒருவர் ஆழ்வாராக எழுந்து நடக்கவேண்டும். மகனாக இருக்கலாம், நாத்தனாராக இருக்கலாம், அடுத்த வீட்டு மாமியாகவும் இருக்கலாம். வயதில் இளையவர் செய்தால் தவறில்லை. அடியார் செய்த காரியம் அது.

நடுவே நிற்பவருக்கு உரிய குணங்கள்

நடுவே நின்று இசைவிப்பது எளிதன்று. பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் புருஷகாரத்துக்கு மூன்று குணங்களை இன்றியமையாதவையாக அருளிச்செய்துள்ளார்: கிருபை, பாரதந்திரியம், அநந்யார்ஹத்வம். சாஸ்திரம் பிராட்டிக்குச் சொன்ன இக்குணங்களின் சாயையையேனும் வீட்டில் நடுவே நிற்பவர் பெறவேண்டும்.

கிருபையாவது, வருந்துகிறவரின் வருத்தம் பொறாமை. முதலில் அவர் சொல்வதைக் கேட்பதும், கேட்கும்போது இடைமறியாதிருப்பதும் இதில் அடங்கும். பாரதந்திரியமாவது, தன் பெருமையை முன்னிறுத்தாமை. "என்னால் தீர்ந்தது" என்று பேர் வாங்க நினைப்பவர் தீர்க்க வந்தவர் ஆகார். அநந்யார்ஹத்வமாவது, வேறு எவருக்கும் உரியராகாமை. இல்லறத்தில் இதற்குப் பொருத்தமான பொருள், அந்த வீட்டுச் செய்தியை அந்த வீட்டோடே வைப்பது. கைபேசிக் குழுவில் உறவினர் நாற்பது பேருக்கு அனுப்பிவிட்டு ஸமாதானம் பேசப் போகிறவர், நெருப்பை ஊதிவிட்டு நீர் தேடுகிறவர்.

அந்நூல் உணர்த்தும் இன்னொரு நுட்பமும் உண்டு. உபதேசத்தால் திருந்தாதவரைப் பிராட்டி அருளாலே திருத்துகிறாளாம். பண்டிகை நாளில் உபதேசம் செய்பவர் ஒவ்வொரு வீட்டிலும் நாலு பேர் இருப்பர். அடுப்படியில் நிற்பவளைக் கைப்பிடித்து உட்காரவைத்து, ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டுவந்து கொடுப்பவர் ஒருவர் இருந்தால், அந்த நாலு உபதேசங்களைவிட அது பலிக்கும்.

இதிஹாஸங்களும் இதையே காட்டுகின்றன. அசோகவனத்தில் பத்து மாதம் தன்னை அச்சுறுத்திய அரக்கியரைத் தண்டிக்க அநுமன் அநுமதி கேட்டபோது, பிராட்டி இசையவில்லை. பிறர் ஏவலால் செய்தவர்கள் அவர்கள் என்றும், உலகில் பிழையே செய்யாதவர் எவருமில்லை என்றும் சொல்லி அவனைத் தடுத்தாள். துன்புற்றவளே துன்புறுத்தியவர்களுக்காகப் பேசினாள். பண்டிகைக்குக் கூடும் உறவினர் பழைய கணக்குகளைப் புரட்டும்போது, "சரி, அது அன்றோடு போயிற்று" என்று அதை மூடிவைக்க ஒருவர் வேண்டும். கண்ணனோ பாண்டவர்களுக்காகத் தூது நடந்தான். அத்தூது பலிக்கவில்லை; போர் மூண்டது. ஆயினும் அவன் போகாதிருக்கவில்லை. பலிக்குமோ பலிக்காதோ என்று எண்ணித் தயங்குபவர்கள், தூது போனதே அவனுக்குப் பெருமையாயிற்று என்பதை நினைக்கவேண்டும்.

கிணற்றடியில் நேர்ந்ததும் உத்திரத்தில் நிகழ்ந்ததும்

தாம்பரத்துக்கு அண்மையில் உள்ள ஸ்ரீபெரும்பூதூரில் 1017-ஆம் ஆண்டு திருவவதரித்தவர் எம்பெருமானார். காஞ்சியில் அவர் இல்லறத்தில் இருந்தபோது நேர்ந்ததாகக் குருபரம்பரை கூறும் நிகழ்ச்சி அனைவரும் கேட்டதே. ஆசார்யரான பெரியநம்பியின் தேவியாரும் எம்பெருமானாரின் தேவியாரும் கிணற்றில் நீர் முகக்கையில், ஒருவர் குடத்து நீர் மற்றொருவர் குடத்தில் சில துளி தெறித்தது. அத்துளிகள் பேச்சாகி, பேச்சு பூசலாகி, பெரியநம்பி ஊரைவிட்டே திருவரங்கம் போகும்படி ஆயிற்று. எம்பெருமானார் பின்னர் ஸந்நியாஸம் மேற்கொண்டதற்கு இத்தகைய நிகழ்ச்சிகளையே முன்னோர் காரணமாகச் சொல்வர்.

குடும்பத்தைப் பிளப்பவை சில துளி நீர் அளவே என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. அன்று அந்தக் கிணற்றடியில் நடுவே வந்து நிற்க ஒருவரும் இல்லை என்பதையும் அறிஞர் கவனிப்பர். எம்பெருமானார் உலகமெல்லாம் உய்யத் துறந்தவர். இல்லறத்தாருக்கு அந்த வழி விதிக்கப்படவில்லை. அவர்களுக்கு உரியது சேர்த்தியே. அந்த எம்பெருமானாரே, திருவரங்கத்தில் தாம் சரணாகதி செய்யத் தேர்ந்த நாள், ஊடல் தீர்ந்து திவ்யதம்பதிகள் ஒன்றாய் எழுந்தருளிய பங்குனி உத்திர நன்னாளாகும். அன்றே கத்யத்ரயத்தை விண்ணப்பித்தார் என்பது ஸம்ப்ரதாயம். சரணாகதி கத்யத்தில் முதலில் பிராட்டியையே சரண் புகுந்து, அதன்பின் பெருமாளைப் பற்றினார். பண்டிகை வேண்டுதலை எங்கே தொடங்குவது என்று கேட்பவர்கள், வீட்டிலும் தாயின் மனத்திலிருந்தே தொடங்கலாம்.

ஒருவரால் நடவாத உற்சவம்

உற்சவம் காட்டும் பாடம் ஊடலோடு முடிவதில்லை. ஊடல் எழாமல் காக்கும் வழியும் அதில் உண்டு. திருக்கோயிலில் உற்சவம் ஒருவரால் நடப்பதில்லை. பூத்தொடுப்பவர் வேறு, மடைப்பள்ளியில் தளிகை செய்பவர் வேறு. பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதம்தாங்கிகள், திவ்யப்ரபந்த கோஷ்டி, மேளவாத்தியம், தீவட்டி, திருவலகிடுதல் என்று ஒவ்வொன்றுக்கும் உரியவர் உண்டு. திருவரங்கத்தில் எம்பெருமானார் கைங்கர்யங்களை இவ்வாறு பிரித்து முறைப்படுத்தியதைக் கோயிலொழுகு விரிவாகக் கூறும். பெருமாளையே ஒருவர் தோளில் ஏற்றுவதில்லை. இருபுறமும் பலர் தோள் கொடுக்கின்றனர். வீட்டிலோ பண்டிகை என்னும் பல்லக்கு முழுதும் ஒருத்தியின் தோளில் வைக்கப்படுகிறது. அவள் தடுமாறினால் குறை அவளுடையதா?

அங்குரார்ப்பணம் என்று உற்சவத்துக்கு முன்பே பாலிகையில் விதை தெளிப்பது கோயில் முறை. பண்டிகைக்குப் பத்து நாள் முன்பாகக் குடும்பத்தார் ஒருவேளை கூடி அமர்ந்து, யார் என்ன செய்வது, எவ்வளவு செலவு, எந்த வீட்டுக்கு எப்போது போவது என்று பேசி முடிவு செய்வது வீட்டுக்குரிய அங்குரார்ப்பணம். கடைவீதிக்குப் போவது தந்தை, பரண் ஏறிக் கொலுப் பெட்டியை இறக்குவது மகன், காய் நறுக்குவதும் பாத்திரம் தேய்ப்பதும் முறைவைத்து எல்லோரும் என்று வகுத்துக்கொண்டால், அவையனைத்தும் கைங்கர்யமே. ஆண்மக்களுக்கு அடுக்களையில் இழுக்கு ஏதும் இல்லை. திருக்கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்பவர்கள் ஆண்களே அல்லரோ?

செலவும் அப்படியே. குசேலர் கொண்டுபோனது கந்தையில் முடிந்த அவல்; அதுவும் அவர் மனைவி அண்டை வீட்டில் கேட்டு வாங்கியது. கண்ணன் அதைப் பிடுங்கி உண்டான். இலையோ பூவோ பழமோ நீரோ, பக்தியோடு கொடுத்தால் ஏற்பேன் என்று கீதையிலும் அவனே உறுதி அளித்திருக்கிறான். பத்து வகை பக்ஷணம் செய்து ஆறு மாதம் கடன் அடைப்பதை அவன் கேட்கவில்லை. அந்தக் கடன் பண்டிகை முடிந்தபின் வீட்டில் எத்தனை சண்டைகளுக்கு விதையாகிறது என்பதைக் க்ருஹஸ்தர்கள் நன்கு அறிவர்.

உற்சவம் நிறைவுற்றதும் கோயில்களில் 'விடாயாற்றி' நடைபெறும். விடாய் என்பது களைப்பு; அதை ஆற்றுவது விடாயாற்றி. வீதிதோறும் எழுந்தருளிய பெருமாளுக்கு இளைப்பு உண்டாயிருக்கும் என்று பரிந்து, அந்நாட்களில் அவரை இளைப்பாறச் செய்கிறோம். பல்லாவரத்துக்கும் தாம்பரத்துக்கும் அருகே உள்ள திருநீர்மலையில், அடிவாரத்தில் நீர்வண்ணனாக நின்றும், மலைமேல் நரஸிம்ஹனாக வீற்றிருந்தும், அரங்கநாதனாகப் பள்ளிகொண்டும், உலகளந்தவனாக நடந்தும் எம்பெருமான் நான்கு திருக்கோலங்களில் ஸேவை ஸாதிக்கிறான். நடப்பது போலவே கிடப்பதும் திருக்கோலமே. பெருமாளுக்கே விடாயாற்றி உண்டென்றால், பண்டிகை முடிந்த மறுநாள் வீட்டில் அடுப்பு மூட்டாமல், இருப்பதை உண்டு, இல்லத்தரசியை ஒரு பகல் படுத்துறங்க விடுவது தர்மமே.

ஊடல் அல்லாதது

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். திருவரங்கத்து மட்டையடி அன்பின் விளையாட்டு. ஒருவர் மற்றவரைக் கை நீட்டி அடிப்பதும், குடித்துவிட்டு வந்து வீட்டாரை நடுங்கச் செய்வதும், சீர் கேட்டுப் பெண்ணைத் துன்புறுத்துவதும் ஊடல் ஆகா, அவை அதர்மம். அவற்றைப் "பொறுத்துக்கொள்" என்று சொல்வது ஸமாதானமும் ஆகாது. அத்தகைய இல்லத்தில் ஆழ்வாராக நிற்பவரின் முதற்கடமை, துன்புறுபவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பதே. தமிழகத்தில் 181 என்னும் மகளிர் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. அவ்வாறே, பண்டிகை முடிந்தும் பல நாள் உறக்கமின்றி, உணவில் நாட்டமின்றி, வாழ்வையே வெறுத்துப் பேசுபவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். மனத்துக்கு மருத்துவம் பார்ப்பது பக்திக்குக் குறைவு ஆகாது. 14416 என்னும் அரசு மனநல உதவி எண்ணிலும் பேசலாம். நோய்க்கு வைத்தியமும் இறைவன் தந்ததே.

நித்யகல்யாணம்

கோவளத்தைக் கடந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள திருவிடவெந்தையை இப்பகுதி அன்பர்கள் அறியாதிருக்க முடியாது. காலவ மஹரிஷியின் 360 கன்னியரை நாளொருவராக மணந்து, முடிவில் அனைவரையும் ஒருத்தியாக்கி, அகிலவல்லி நாச்சியாராகத் தன் இடப்பக்கத்தில் ஏற்றுக்கொண்டான் வராஹப் பெருமான் என்பது ஸ்தலபுராணம். அதனால் அவனுக்கு நித்யகல்யாணப் பெருமாள் என்று திருநாமம். மணமாலை வேண்டி அங்கே மாலை பெற்றுச் செல்பவர்கள், திருமணம் ஆனபின் தம்பதியராய் அம்மாலையுடன் மீண்டும் வந்து ஸேவிப்பது வழக்கம். கல்யாணம் ஒருநாளில் முடிந்துவிடுவதில்லை, நாள்தோறும் புதிதாக நடக்கவேண்டியது என்பதை அத்திருநாமம் உணர்த்துகிறது. காய்ந்துபோன மாலையைப் பத்திரமாக வைத்திருந்து எடுத்து வரும் தம்பதியர், அன்று ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கையும் அதனுடன் எடுத்து வரவேண்டும்.

இத்திருக்கோயில் உற்சவத்தை ஸேவிக்க இன்று வந்திருக்கும் அன்பர்கள், தீர்த்தமும் சடாரியும் பெற்று வெளியே வருகையில் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கலாம். உடன் வராமல் வீட்டில் இருப்பவர் யார்? அடுப்பை விட்டு வர இயலாதவரா? மூட்டுவலியால் படி இறங்க மாட்டாதவரா? அல்லது, சென்ற பண்டிகையில் பேசிய ஒரு சொல்லால் இந்தப் பண்டிகைக்கு அழைக்கப்படாதவரா? வர இயலாதவர்களைத் தேடியே பெருமாள் வீதிக்கு எழுந்தருளுகிறான் என்று முதலில் கண்டோம். அவனை ஸேவித்தவர்களும் அவன் வழியே செல்லவேண்டும். கையில் உள்ள ப்ரஸாதத்தில் ஒரு பங்கை இலையில் மடித்து, வராதவருக்கென்று எடுத்துச் செல்க. அதைக் கொடுக்கும்போது பழைய வழக்கைத் தொடங்கவேண்டாம். பெருமாள் கொடுத்தனுப்பினார் என்று சொன்னால் போதும்.

கதவு முதல்நாளிலேயே திறக்காமல் போகலாம். வாசலில் நின்ற நம்பெருமாளுக்கும் உடனே திறக்கவில்லை. அவர் திரும்பிப் போய்விடவில்லை என்பதையும், ஆழ்வார் வரும்வரை அந்த வாசலிலேயே நின்றார் என்பதையும் நினைவில் கொண்டு, திவ்யதம்பதிகளின் சேர்த்தியைத் தியானித்து, எல்லா இல்லங்களிலும் சேர்த்தி உண்டாகப் பிரார்த்திப்போமாக.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

சுபம்